நின்றால் ஓடும் இதயம்: பாட்ஸ், வெயில், பிரசவம்

பாட்ஸ் என்ற பெயரைக் கேட்டால் நம்மில் பலருக்குப் பூந்தொட்டிதான் ஞாபகம் வரும். போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம் என்கிற நீளமான பெயரின் சுருக்கம் அது. எளிமையாகச் சொன்னால், படுத்திருக்கும்போது ஒழுங்காகத் துடிக்கும் இதயம், எழுந்து நின்றதும் மாடிப்படி ஏறுவது மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். கூடவே தலைசுற்றல், படபடப்பு, கண் மங்கல், கை நடுக்கம், மூளையில் பனி மூட்டம் போட்ட மாதிரி ஒரு மந்தம். படுத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

என் தங்கைக்கு இது இருக்கிறது என்று உறுதியாகி இரண்டு வருஷம் ஆகிறது. வயது 31. பள்ளி ஆசிரியை, வேலூர்ப் பக்கம் குடியிருக்கிறாள், கல்யாணமாகி நாலு வருஷம். அவள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான். "வெயில் வந்தா மட்டும் நான் ஏண்ணா இப்படிச் சுருண்டு போறேன்?" என்பது ஒன்று. "நான் குழந்தை பெத்துக்கலாமா, கூடாதா?" என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சுற்றியிருந்தவர்கள் சொன்ன பதில், "வெயில்னா எல்லாருக்கும்தான் கஷ்டம்." இரண்டாவதுக்கு ஒரு தரப்பு, "ஒண்ணு பெத்துட்டா உடம்பு தன்னால சரியாயிடும்" என்றது. இன்னொரு தரப்பு, "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எதுக்கு விஷப்பரீட்சை?" என்றது. மூன்றுமே கணக்குப் பார்க்காமல் சொன்ன பதில்கள்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருப்பவன். படித்ததைத் தொகுத்து வைப்பது பழக்கம், அவ்வளவுதான். அதனால் இதை வைத்து யாரும் மருந்தை மாற்ற வேண்டாம். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வெயில் கேள்வியும் பிரசவக் கேள்வியும் வேறு வேறு இல்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு: உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது, இந்த நிமிஷம் அது எங்கே இருக்கிறது.

நிற்பது என்பது ஒரு வேலை

நாம் எழுந்து நின்றவுடன் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. புவியீர்ப்பு, யாரும் தப்ப முடியாது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள் இதைக் கவனித்து மூளைக்குச் செய்தி அனுப்பும். நம் விருப்பத்தைக் கேட்காமல் வேலை செய்யும் தன்னியக்க நரம்பு மண்டலம் கால், வயிற்று ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இதயத்தைக் கொஞ்சம் வேகப்படுத்தும். ஆரோக்கியமான ஆளுக்கு நாடித்துடிப்பு 10 முதல் 20 வரை கூடி, ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் நிலைக்கு வந்துவிடும்.

பாட்ஸ் உள்ளவருக்கு இந்தச் சுருக்கும் வேலை சரியாக நடப்பதில்லை, அல்லது சுருக்கினாலும் போதுமான ரத்தம் இல்லை. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. இதயம் நிமிஷத்துக்குத் தள்ளும் ரத்தம் என்பது ஒரு துடிப்புக்கு எவ்வளவு என்பதை, துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவது. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: படுத்திருக்கும்போது துடிப்புக்கு 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு, மொத்தம் 4900 மில்லி. நின்றதும் துடிப்புக்கு 40 மில்லிதான் வருகிறது என்றால், அதே அளவை எட்ட இதயம் 120க்கு மேல் துடிக்க வேண்டும். துடிக்கிறது.

இதயம் இங்கே குற்றவாளி இல்லை. எங்கேயோ விழுந்த பள்ளத்தை அது நிரப்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் தொழிலில் இது தினசரி பார்க்கும் சங்கதி. சர்வரில் சிபியு 95 சதவீதம் என்று அலாரம் அடிக்கும். சிபியுவையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. அதை ஓட வைப்பது எது என்று பார்க்க வேண்டும்.

ஓட வைப்பதில் மூன்று வகைகளை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். காலில் ரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்புகள் பழுதாகியிருப்பது ஒன்று. உடம்பில் மொத்த ரத்த அளவே குறைவாக இருப்பது இரண்டாவது. நார்அட்ரினலின் அளவுக்கு மீறிச் சுரப்பது, அல்லது சுரந்தது திரும்ப உறிஞ்சப்படாமல் நிற்பது மூன்றாவது. பலருக்கு இது மூன்றும் கலந்த சாம்பார்தான். வைரஸ் காய்ச்சல், கோவிட், அறுவை சிகிச்சை, சில சமயம் பிரசவமே கூட இதைத் தொடங்கி வைக்கலாம். மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் உடல்வாகு உள்ளவர்களிடமும் இது அதிகம் காணப்படுகிறது.

ரத்த அளவு குறைவாக உள்ளவர்களிடம் ஒரு வினோதம் உண்டு. ரத்தம் குறைந்தால் சிறுநீரகம் ரெனின் சுரக்க வேண்டும், அதைத் தொடர்ந்து ஆல்டோஸ்டீரோன் கூடி உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்க வேண்டும். 2005இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சதீஷ் ராஜும் குழுவினரும் அளந்து பார்த்தபோது, பாட்ஸ் நோயாளிகளிடம் ரத்தம் குறைவாக இருந்தும் இந்த இரண்டும் கூடவில்லை. டேங்கில் தண்ணீர் இறங்கியும் சுவிட்சைப் போட ஆள் இல்லாத நிலை. உப்பும் தண்ணீரும் ஏன் சிகிச்சையின் முதல் வரியில் இருக்கின்றன என்பதற்கு இது ஒரு காரணம்.

பத்து நிமிஷப் பரிசோதனை

இந்த நிலைக்கு பாட்ஸ் என்ற பெயர் நிலைத்தது 1993இல், மேயோ கிளினிக்கிலிருந்து ஷோன்டார்ஃப், லோ இருவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். ஆனால் தொந்தரவு பழையது. 1871இல் டா கோஸ்டா என்ற அமெரிக்க மருத்துவர், உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களிடம் பார்த்த படபடப்பும் மூச்சிரைப்பும் களைப்பும் பற்றி எழுதியதைப் படித்தால், அதில் சிலருடைய கதை இன்றைய பாட்ஸ் மாதிரியே இருக்கிறது.

இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல் இதுதான். எழுந்து நின்ற 10 நிமிஷத்துக்குள் நாடித்துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூட வேண்டும். 12 முதல் 19 வயது வரை என்றால் 40. பிபி பெரிதாக விழக் கூடாது, அதாவது மேல் எண்ணில் 20ஓ கீழ் எண்ணில் 10ஓ குறையக் கூடாது. தொந்தரவுகள் குறைந்தது 3 மாதமாக இருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கக் கூடாது.

அந்தக் கடைசி வரி நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள் எல்லாமே நிற்கும்போது நாடியை ஓட வைக்கும். அதனால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டிஎஸ்ஹெச், ஈசிஜி பார்க்காமல் பாட்ஸ் என்று முடிவு கட்டக் கூடாது. அதே மாதிரி, இவையெல்லாம் நார்மல் என்பதாலேயே "உனக்கு ஒண்ணும் இல்லை" என்று அனுப்பிவிடவும் கூடாது. தங்கையை அப்படித்தான் மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு இடத்தில் பதற்றத்துக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். அவளுக்கு எடுத்த ஈசிஜி எல்லாமே படுக்க வைத்து எடுத்தவை. நின்றால் வரும் பிரச்சினையைப் படுக்க வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. ஐந்து முதல் பத்து நிமிஷம் அசையாமல் படுத்து, நாடியும் பிபியும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுந்து, பேசாமல், காலை ஆட்டாமல் நின்று, நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி. 1, 3, 5, 10ஆவது நிமிஷங்களில் பிபி. காலையில் செய்தால் இன்னும் நன்றாகத் தெரியும். பாட்ஸ் காலையில்தான் மோசம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்திப் படுத்துவிட வேண்டும். தங்கையின் தாளில் இருந்த எண்கள்: படுத்தபோது 72, மூன்றாவது நிமிஷம் 118, பத்தாவது நிமிஷம் 126. பிபி ஏறக்குறைய அப்படியே. நாலாவதாகப் பார்த்த டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, அங்கேயே இன்னொரு தடவை நிற்க வைத்து அளந்தார். பெயர் கிடைத்தது.

வெயில் எப்படிக் கணக்கைக் கெடுக்கிறது

சாதாரண தட்பவெப்பத்தில் சும்மா இருக்கும்போது தோலுக்குப் போகும் ரத்தம் நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குள்தான். உடம்பு சூடேற ஆரம்பித்தால், அந்தச் சூட்டை வெளியே கடத்த மூளை தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கும். உச்ச வெப்பத்தில் தோலுக்கு மட்டும் நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும் என்று அளந்திருக்கிறார்கள்.

பாட்ஸ் உள்ளவருக்கு ஏற்கெனவே காலிலும் வயிற்றிலும் ரத்தம் தேங்குகிறது. வெயிலில் தோலும் பங்கு கேட்கிறது. மேலே வியர்வை வேறு. வியர்வை என்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுக்கிற கடன். உப்பும் சேர்ந்து போகிறது. ஆக, குழாய் விரிகிறது, தண்ணீர் குறைகிறது, நிற்கவும் வேண்டியிருக்கிறது. மூன்றும் ஒரே திசையில் இழுத்தால் நாடி 140, 150 என்று போவதில் ஆச்சரியம் இல்லை. "வெயில்னா எல்லாருக்கும்தான் கஷ்டம்" என்பது உண்மைதான். ஆனால் மற்றவர்களுக்குக் கையிருப்பு இருக்கிறது. இவர்கள் மாத ஆரம்பத்திலேயே ஓவர்டிராஃப்டில் இருப்பவர்கள்.

வேலூரின் காய்ந்த வெயிலும் சென்னையின் புழுக்கமும் ஒன்றில்லை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காய்ந்த காற்றில் அது நடக்கும், விலை, நீரிழப்பு. கடலோரப் புழுக்கத்தில் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. நீரும் போய், சூடும் தணியாது. அதனால் தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் பார்த்து, "இங்கே 36தானே" என்று சொல்லக் கூடாது.

குளிரும் சிலரைப் படுத்தும். கை கால் விறைத்து, நிறம் மாறும். சிலருக்குப் பாதங்களில் வியர்வை நரம்புகளே பழுதாகி, கீழே வறட்சியும் மேலே கொட்டும் வியர்வையுமாக இருக்கும். ஏசி அறையிலிருந்து சட்டென்று மத்தியான வெயிலுக்கு வருவது, ரத்தக்குழாய்களுக்கு ஒரே நிமிஷத்தில் எதிரெதிர் உத்தரவு போடுவது மாதிரி.

இந்தக் கணக்கு புரிந்த பிறகு, வீட்டில் எந்த இடம் ஆபத்து என்று பார்ப்பது சுலபமாகிவிட்டது. முதலிடம் அடுப்படி. காலை நேரம், சூடு, அசையாமல் நிற்பது, வெறும் வயிறு. நாலும் அங்கே கூடுகின்றன. உயரமான ஸ்டூல் ஒன்று போட்டோம். இரண்டாவது குளியலறை. வெந்நீர்க் குளியல் என்பது தோலுக்கு ரத்தத்தைத் திறந்துவிடுவது. எண்ணெய்க் குளியல் இன்னும் மோசம். இப்போது வெதுவெதுப்புக்கும் கீழான தண்ணீர், முக்காலியில் உட்கார்ந்து. மூன்றாவது, தரையில் குந்தி வேலை செய்துவிட்டுச் சட்டென்று எழுவது. குந்தும்போது கால் ரத்தம் மேலே பிழியப்படும், எழும்போது மொத்தமாக இறங்கும். நாலாவது இடம் வீட்டுக்கு வெளியே: கோயில் க்யூ, பள்ளியில் காலைப் பிரேயர், கல்யாண ரிசப்ஷன் மேடை. பட்டுப்புடவையில், விளக்கு வெளிச்சத்தில், மூன்று மணி நேரம் நின்றுகொண்டே சிரிக்கச் சொல்லும் ரிசப்ஷனை பாட்ஸுக்கென்றே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது.

எது உதவுகிறது

2015இல் வந்த அமெரிக்க இதயத்துடிப்பு நிபுணர்களின் வழிகாட்டுதல் ஒரு நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீரும் 10 முதல் 12 கிராம் உப்பும் சொல்கிறது. சாதாரண ஆளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள். அதனால் இது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய அளவு. பிபி, சிறுநீரகம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. 2021இல் வாண்டர்பில்ட் குழு அதிக உப்புச் சாப்பாட்டை ஆறு நாள் கொடுத்துப் பார்த்தது. ரத்த நீரளவு கூடியது, நிற்கும்போது ஏறும் நாடி குறைந்தது. ஆனால் ஆரோக்கியமானவர்கள் அளவுக்கு வரவில்லை. உப்பு உதவும், குணமாக்காது.

நம்மிடம் இதற்குப் பொருத்தமான சாமான்கள் ஏராளம். உப்புப் போட்ட மோர், நீராகாரம், கஞ்சி, ரசம். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழச்சுவை டப்பாக்களில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும். ஒரே வேளையில் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் செரிமானத்துக்காக வயிற்றுக்கு ரத்தம் இறங்கும். ஐந்து வேளையாகப் பிரிப்பது நல்லது.

இறுக்க உடை விஷயத்தில் 2021இல் கால்கரியில் 30 பேரை வைத்து நடந்த ஆய்வு உபயோகமானது. கால், வயிறு இரண்டையும் சேர்த்து இறுக்கியது அதிகப் பலன் தந்தது. வயிறு மட்டும் இறுக்கியது, கால் மட்டும் இறுக்கியதைவிட மேல். மே மாதத்தில் தொடை வரை காலுறை போட்டுக்கொண்டு யார் இருக்க முடியும்? வயிற்றுக்கு மட்டும் பெல்ட் என்பது நம் வெயிலில் நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

உடற்பயிற்சியைப் படுத்த நிலையில் தொடங்கச் சொல்கிறார்கள்: நீச்சல், படகு வலிக்கும் மெஷின், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள். அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடக்கி தனக்கு பாட்ஸ் இருப்பதை 2024இல் வந்த தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஒலிம்பிக்கில் 9 தங்கம் வாங்கியவர். யோசித்துப் பார்த்தால் குளம் இவர்களுக்கு நல்ல இடம்தான்: உடம்பு கிடைமட்டம், சுற்றிலும் தண்ணீரின் அழுத்தம், சூடும் இல்லை.

மருந்துகளில் ப்ரோப்ரனலால், ஐவாப்ரடின், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் ஆகியவை அதிகம் பேசப்படுகின்றன. எந்த வகை பாட்ஸ் என்பதைப் பொறுத்து டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

கர்ப்பத்தில் கணக்கு எப்படி மாறுகிறது

இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. கர்ப்பத்தில் உடம்பு தானாகவே ரத்த அளவை 40 முதல் 50 சதவீதம் கூட்டுகிறது. நாம் உப்பையும் மோரையும் வைத்துக்கொண்டு போராடும் வேலையை உடம்பே செய்கிறது. அப்படியென்றால் பாட்ஸ் குறைய வேண்டுமே? சிலருக்குக் குறைகிறது. சிலருக்கு ஏன் மோசமாகிறது என்பதற்குக் காலவரிசையில் விடை இருக்கிறது.

ரத்தக்குழாய்கள் தளர்வது ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ரத்த அளவு மெதுவாக ஏறி, 32ஆவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்கு வருகிறது. அதாவது பாத்திரம் முதலில் பெரிதாகிறது, தண்ணீர் பிறகு வருகிறது. இடைப்பட்ட முதல் மூன்று மாதத்தில் வாந்தி வேறு. மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காத நாட்களில் பாட்ஸ் உள்ள பெண் எழுந்து நிற்பதே பாடு. நடு மாதங்களில் ரத்தம் பெருகியதும் பலருக்கு ஆசுவாசம். கடைசி மாதங்களில் எடை, வெப்பம், மல்லாந்து படுத்தால் பெருஞ்சிரை நசுங்குவது என்று மறுபடி சிரமம். 20 வாரத்துக்குப் பிறகு இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆய்வுகள் சின்னவைதான். 2009இல் ஒஹையோவின் டொலீடோ பல்கலைக்கழகக் குழு, பாட்ஸோடு கர்ப்பமான 22 பெண்களைப் பற்றி எழுதியது. அதில் பாதிக்கு மேல் பேருக்குக் கர்ப்பத்தில் தொந்தரவு குறைந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அதிகமானது. மிச்சம் பேருக்கு மாற்றமில்லை. பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம். 22 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் "பெத்துட்டா சரியாயிடும்" என்ற வாக்குறுதிக்கும் "பெத்துக்கவே கூடாது" என்ற தடைக்கும் இதில் ஆதாரம் இல்லை. பாட்ஸ் இருப்பது மட்டுமே குழந்தை வேண்டாம் என்பதற்கான காரணம் என்று மருத்துவ நூல்கள் சொல்வதில்லை, திட்டமிடச் சொல்கின்றன.

திட்டத்தின் முதல் வரி மருந்து. ஐவாப்ரடின் கர்ப்பத்தில் கூடாது. சாப்பிடுகிற காலத்தில் கருத்தடை அவசியம் என்றே எழுதியிருக்கிறார்கள். ப்ரோப்ரனலால் தேவைப்பட்டால் கண்காணிப்போடு தருவார்கள். குழந்தையின் வளர்ச்சி, பிறந்தபின் சர்க்கரையும் துடிப்பும் பார்க்க வேண்டும். மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் பற்றிக் கர்ப்பத்தில் அனுபவம் குறைவு. "நாள் தள்ளிப்போச்சு, இப்ப என்ன பண்றது" என்று ஓடுவதைவிட, கரு உருவாகும் முன்னரே இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் ஒரே தாளைப் பார்க்க வைப்பது மேல். நாமாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, குறிப்பாக ப்ரோப்ரனலாலை.

இரண்டாவது வரி இரும்புச்சத்து. கர்ப்பத்தில் எப்படியும் குறையும். முன்கூட்டியே ஃபெரிட்டினை ஏற்றி வைப்பது நல்லது. மூன்றாவது வாந்தி. தண்ணீர் தங்கவில்லை என்றால் மற்றவர்கள் இரண்டு நாள் பார்க்கலாம் என்பார்கள். பாட்ஸ் உள்ளவர் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். நாலாவது சின்ன விஷயம்: சர்க்கரைப் பரிசோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கூட்டத்தில் காக்க வைப்பார்கள். குளுக்கோஸ் வயிற்றுக்கு ரத்தத்தை இழுக்கும். படுக்க இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் பாட்ஸ் தலையில் போடக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, கடும் தலைவலி, பிபி ஏறுவது, ரத்தப்போக்கு எல்லாம் தனி விஷயங்கள். பிபி ஏறினால் உப்புக் கணக்கே மாறிவிடும்.

பிரசவ அறையும் அதற்குப் பிறகும்

பாட்ஸ் என்பதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. மயக்க மருந்து டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முக்கியம். வலி நாடியை ஓட வைக்கும். எபிட்யூரலைச் சீக்கிரம், மெதுவாக ஏற்றினால் அது குறையும். முதுகில் ஒரே ஊசியாகப் போடும் ஸ்பைனலில் ரத்தக்குழாய்கள் சட்டென்று விரியும். அதற்கு முன்னேற்பாடாக டிரிப்ஸும் பிபி ஏற்றும் மருந்தும் தயாராக வைத்திருப்பார்கள். மூட்டு வளையும் உடல்வாகு இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களில் சிலருக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்வதில்லை.

பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சாதாரணப் பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம். சிசேரியனில் அதைவிடக் கூட. சேர்த்து வைத்த ரத்த நீரை உடம்பு சிறுநீராகக் கழிக்க ஆரம்பிக்கும். தாய்ப்பாலுக்குத் தண்ணீர் வேண்டும். தூக்கம் இல்லை. அதாவது கர்ப்பம் கொடுத்த கையிருப்பு சில வாரத்தில் கரைகிறது.

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கங்களைப் பார்க்க வேண்டும். பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது, பத்தியம், கதவு ஜன்னல் அடைத்த அறை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது. பாட்டிகள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்: தண்ணீரைக் குறைப்பது, சூட்டைக் கூட்டுவது, உப்பைக் குறைப்பது. மூன்றும் பாட்ஸ் உள்ள தாய்க்கு நேர் எதிர். அதே சமயம் வயிற்றில் துணி சுற்றிக் கட்டும் வழக்கம், கால்கரி ஆய்வு சொன்ன வயிற்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. சிசேரியன் தையல் இருந்தால் டாக்டரைக் கேட்டுக் கட்டலாம். பழக்கம் என்பதற்காக முழுசாக ஏற்கவும் வேண்டாம், முழுசாகத் தள்ளவும் வேண்டாம். ஒவ்வொன்றும் ரத்தத்தை எங்கே அனுப்புகிறது என்று கேட்டால் போதும்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு முன் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்காருவது, பால் கொடுக்கும் இடத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டுவது வேறு ஒருவர் பொறுப்பு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் தலை சுற்றும்போது கையில் குழந்தை இருக்கக் கூடாது என்பது அற்பமான விஷயம் இல்லை.

குழந்தைக்கும் வருமா என்பது தங்கையின் அடுத்த கேள்வி. சில குடும்பங்களில் பலருக்கு வருவதைப் பார்த்திருக்கிறார்கள். நார்அட்ரினலினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் மாற்றம் உள்ள ஒரு குடும்பத்தைப் பற்றி 2000இல் எழுதினார்கள். ஆனால் அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு நிச்சயம் என்று சொல்லும் ஒற்றை மரபணு நோயாகப் பெரும்பாலோருக்கு இது இல்லை.

தங்கையும் மாப்பிள்ளையும் இன்னும் முடிவு எடுக்கவில்லை. அது அவர்கள் இருவர் விஷயம்; அண்ணனுக்கு அதில் ஓட்டு கிடையாது. என் பங்குக்கு இந்தக் கணக்கை இரண்டு பக்கத் தாளாகச் சுருக்கிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அவள் அதில் ஒரு வரி சேர்த்தாள்: "ஏழாம் மாசம் மே மாசத்துல வரக் கூடாது." வேலூர்க்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது நின்றால் தலைசுற்றுகிறது, வெயிலில் துவண்டு போகிறேன், டெஸ்ட் எல்லாம் நார்மல் என்று சொன்னால், "மனசுதான் காரணம்" என்று சொல்வதற்கு முன்னால் பத்து நிமிஷம் பக்கத்தில் இருந்து நாடியை எண்ணிப் பாருங்கள். அந்த எண்களை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அந்தத் தாள்தான் எங்களுக்கு வழி திறந்தது.